விளக்கின் விண்டோவைத் திருப்பிய நாள்

எங்கள் துறைக்குப் புதுக் கருவி வரப்போகிறதாம். இப்போதைய துறைத்தலைவர் போனில் கூப்பிட்டு, "சார், புதுசா சேர்ந்த பசங்களுக்கு நாலு விஷயம் எழுதிக் கொடுங்க. எதுல எதுல ஜாக்கிரதையா இருக்கணும்னு உங்களவிட யாருக்குத் தெரியும்" என்றார். பாராட்டா, கேலியா, புரியவில்லை. நான் பயந்தாங்கொள்ளி என்பது அந்தக் கட்டடத்தில் காவலாளி வரைக்கும் தெரியும். சிலிண்டர் அறையைப் பூட்டிவிட்டுப் படி இறங்கி, மறுபடி ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். சித்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் மூடினேனா, மூடவில்லையா என்று மனசு அடித்துக்கொள்ளும். எதில் ஜாக்கிரதை என்று கேட்டால் எல்லாவற்றிலும்தான். அதை எழுதினால் யார் படிப்பார்கள்? அதனால் நடந்த ஒன்றை எழுதுகிறேன்.

நான் சித்தூர்க்காரன். பழைய கிறிஸ்தவ மிஷன் சபைக் குடும்பம்; நைனா, அதாவது அப்பா, மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எம்.எஸ்ஸி. முடித்துத் திருப்பதியில் ஒரு பல்கலைக்கழக இயற்பியல் துறையில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் பம்புக்கு எண்ணெய் மாற்றுவதிலும் கசிவு தேடுவதிலும் போயின. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வேலை பார்த்த காலமெல்லாம் எனக்கு ஒரே கருவி, ஒரே வாயு. அந்த வாயு ஹைட்ரஜன்.

இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்தால் ஒரு மூலக்கூறு. அதைவிடச் சிறிய மூலக்கூறு கிடையாது. ஒரு குழாயில் அதை அடைத்து மின்சாரம் பாய்ச்சினால் ஒளி விடும். அந்த ஒளியில் முக்கால்வாசி கண்ணுக்குத் தெரியாத புற ஊதா. அதைக் கருவிக்குள் விரித்துப் பார்த்தால் மெல்லிய கோடுகளாக வரும், எண்ண முடியாத அளவுக்கு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தை முடிந்தவரை துல்லியமாக அளந்து சொல்வதுதான் எங்கள் பிழைப்பு.

எதற்கு இந்த வம்பு என்று என் மனைவி கிரேஸ்கூடக் கேட்டிருக்கிறாள். வானத்தில் வெகு தொலைவிலிருந்து, பல நூறு கோடி வருடங்களுக்கு முன் கிளம்பிய ஒளியிலும் இதே ஹைட்ரஜன் கோடுகள் இருக்கின்றன. அன்றைக்கு அவை இருந்த வரிசையும் இன்றைக்கு இங்கே இருக்கிற வரிசையும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டால், இயற்கையின் அடிப்படை எண்கள் மாறினவா, மாறவில்லையா என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல, பூமியில் எடுத்த அளவு தப்பில்லாமல் இருக்க வேண்டும். அதற்காக உலகம் முழுக்க நம்பிப் பயன்படுத்துகிற அட்டவணைகள் உண்டு.

இந்த ஒளியைக் காற்று விழுங்கிவிடும். அதனால் கருவி முழுவதும் ஒரு இரும்புத் தொட்டிக்குள், வெற்றிடத்தில் இருக்கும். தொட்டி ஒரு லாரி நீளம். பம்பை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் ஊசியால் அசிடோன் சொட்டு விட்டு, அளவுமானியைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். முள் துள்ளினால் அந்த இடத்தில் கசிவு. அடுத்தது சிலிண்டர். ஜன்னல்களைத் திறந்து வைத்து, இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். ஹைட்ரஜன் பற்றிக்கொண்டால் பகலில் தீ தெரியாது. பிறகு விளக்கு. மின்னோட்டம் கூடினால் மூலக்கூறு உடைந்து தனித்தனி அணுவாகி விளக்கு சிவந்துவிடும். வெளிறிய நிறத்தில் நிற்கும்படி மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். கடைசியாக அளவு. முதலில் பிளாட்டினம் விளக்கு, நடுவில் ஹைட்ரஜன், மறுபடி பிளாட்டினம். பிளாட்டினத்தின் கோடுகள் எங்கே இருக்கும் என்பது ஏற்கெனவே தெரியும்; அவை எங்களுக்கு அளவுகோல்.

ஹைட்ரஜன் விளக்குக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வில்லை. விண்டோ என்போம். சாதாரணக் கண்ணாடி இந்த ஒளியை விடாது என்பதால் மக்னீசியம் ஃபுளோரைடில் செய்தது. அதைப் பேராசிரியர் சுப்பராமய்யாவைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. அது அவர் சட்டம்.

சுப்பராமய்யா சார் மதராஸில் படித்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் தெலுங்கு கூடிவிடும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சாதாரணமாக எங்களை 'நீ' என்பார். கோபம் ஏறினால் 'நீங்க' என்று மரியாதை கொடுக்க ஆரம்பிப்பார். அந்த மரியாதைக்கு நாங்கள் நடுங்குவோம். ஒரு தடவை என்னிடம், "ஜெயசீலன் காரு, நீங்க கொஞ்சம் தயவு பண்ணி அந்த வால்வை மூடறீங்களா" என்றார். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சட்டைப்பையில் எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளைக் கைக்குட்டை இருக்கும். நாற்காலி, பேனா, கதவுக் குமிழ் எதுவானாலும் துடைத்துவிட்டுத்தான் தொடுவார்.

அவரிடம் கடைசியாக ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள் ஹேமலதா. பங்காருபாளையத்துப் பெண். அவள் அப்பா முனிரத்தினத்துக்கு அங்கே மாங்காய் மண்டி. வீட்டில் பேச்சு தமிழ், படிப்பு தெலுங்கு, எழுத்து இங்கிலீஷ். கெட்டிக்காரி. ஆனால் கெட்டிக்காரி என்று சொன்னால் முகம் சுளிப்பாள்.

அவள் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு விலகல் தெரிய ஆரம்பித்தது. அவளுடைய கோடுகள் அட்டவணையில் இருந்த இடத்தில் இல்லை. மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது, ஆனாலும் தள்ளி இருந்தன. அலைநீளம் குறையக் குறைய விலகல் கூடிக்கொண்டே போயிற்று. ஏனோதானோவென்று சிதறியிருந்தால் எங்கள் தப்பு என்று தள்ளிவிடலாம். இது ஒழுங்காக ஏறியது. அப்படியானால் அட்டவணை தப்பு. அட்டவணை தப்பென்றால் அதை வைத்து வானத்தை அளந்த எல்லோரும் மறுபடி உட்கார வேண்டும்.

சார் மூன்று முறை திரும்ப எடுக்கச் சொன்னார். மூன்று முறையும் அதே விலகல். ஒரு வெளிநாட்டு மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் எழுதி அனுப்பினார்கள். அதைப் பார்த்துவிட்டு அங்கே ஒரு ஆய்வகம், பட்டம் வாங்கியதும் எங்களிடம் வந்து சேர் என்று ஹேமாவைக் கூப்பிட்டது. துறையே கொண்டாடியது. என்னால் மட்டும் கொண்டாட முடியவில்லை. சந்தோஷம் வந்தால் அதற்குப் பின்னால் என்ன வரப்போகிறதோ என்று பார்க்கிற புத்தி எனக்கு.

ஒரு நாள் ஹேமா கணினி முன்னால் என்னைக் கூப்பிட்டாள். முகம் சுண்டிப் போயிருந்தது.

"சார், எல்லா அளவையும் தேதிவாரியா போட்டுப் பாத்தேன். தசராவுக்கு முன்னாடி எடுத்தது கொஞ்சம்தான். ஆனா அதுல விலகலே இல்ல. தசரா லீவு முடிஞ்சி எடுத்ததுல மட்டும்தான் கீது."

"முன்னாடி எடுத்தத ஏம்மா சேக்கல?"

"அப்ப கோட்ட பதியற காமிரா சரியில்லன்னு சார்தான் தள்ளச் சொன்னாரு. நானும் தள்ளிட்டேன். லீவுல இன்னா சார் மாத்தினீங்க?"

விளக்கு, பம்பு, தொட்டி எல்லாம் என் பொறுப்பு. "ஒண்ணும் மாத்தலம்மா. வழக்கமா திறந்து சுத்தம் பண்ணி மூடறதுதான்" என்றேன். சொல்லும்போதே ஒன்று ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

வருடத்துக்கு ஒரு தடவை தொட்டியைத் திறப்போம், தசராவை ஒட்டி. கழற்றியவற்றை மேஜையில் வரிசையாக வைத்து அங்கேயே ஆயுத பூஜை. நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். ஆனாலும் பொரி, கடலை, வாழைப்பழம் வாங்கி வருவது சேர்ந்த வருடத்திலிருந்து என் வேலை. பூஜை முடிந்ததும் முதல் பொட்டலம் சார் எனக்குத்தான் கொடுப்பார். ஸ்பேனருக்குப் பொட்டு, பம்புக்குப் பொட்டு, அளவுமானிக்குப் பொட்டு, எல்லாம் சார் கையால். அந்த வருடம் ஹேமா லீவுக்கு ஊருக்குப் போயிருந்தாள். ஹைட்ரஜன் விளக்குக்குப் பொட்டு வைத்தபோது சந்தனம் தளதளவென்று இருந்தது. வழிந்து விண்டோவின் ஒரு ஓரத்தில் இறங்கியது. சார் "அய்யய்யோ" என்று சொல்லிக் கைக்குட்டையை எடுத்து ஒற்றித் துடைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பளிச்சென்று இருந்தது. எனக்கும் பளிச்சென்றுதான் தெரிந்தது.

நம் கண்ணுக்குத்தான் பளிச். சந்தன எண்ணெயோ விரல் பிசுக்கோ இம்மி படிந்திருந்தாலும் இந்தப் புற ஊதா ஒளிக்கு அது சுவர். அதிலும் அலைநீளம் குறையக் குறைய சுவர் தடிமனாகும். ஒரு ஓரம் அடைபட்டால் வெளிச்சம் உள்ளே ஒருச்சாய்ந்து விழும். பிளாட்டினம் விளக்கு நேராக விழ, ஹைட்ரஜன் மட்டும் ஒருச்சாய்ந்து விழுந்தால், ஹைட்ரஜன் கோடுகள் மட்டும் இம்மி நகரும். ஹேமா பார்த்தது அதுவாக இருக்கலாம். வெளிச்சம் கொஞ்சம் குறைந்திருந்ததை நாங்களும் கவனித்தோம். விண்டோ பழசானால் மங்குவது சகஜம் என்று விட்டுவிட்டோம்.

எப்படிச் சொல்வது? சாரிடம் போய், நீங்கள் வைத்த பொட்டுதான் இந்தப் பெண்ணின் ஆராய்ச்சியைக் கெடுத்தது என்று சொல்ல வேண்டும். சொல்பவன் சபைக்காரன். அத்தனை வருடம் யாரும் என்னை ஒரு வார்த்தை வேற்றாளாகப் பேசியதில்லை. இந்த ஒரு வாக்கியத்தில் அது போய்விடும் என்று பயந்தேன். சொல்லாவிட்டால் ஹேமா தப்பான எண்ணோடு உலகத்தின் முன்னால் போய் நிற்பாள். வேறு யாராவது அளந்து பார்த்து இவள் புளுகினாள் என்பார்கள். இந்தத் தொழிலில் ஒரு தடவை பேர் கெட்டால் கெட்டதுதான். சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து கிரேஸிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"மொதல்ல துன்னு" என்றாள். "நீ இன்னாத்துக்கு பூஜைய இழுக்கற? பொட்டு விளக்கு மேலதான வெச்சாரு. கண்ணாடிய தொடச்சது கர்சீப்பு. கர்சீப்ப பத்தி சொல்லு."

"அதுவும் அவரு கர்சீப்புதானே."

"அப்ப அவரு கோவிச்சிக்கட்டும். நீ ரிட்டயராவப் போறவன். அந்தப் பொண்ணு இப்பத்தான் ஆரம்பிக்குது."

மறுநாள் ஹேமாவிடம் முதலில் சொன்னேன். அவள் அழவில்லை. "அப்ப எல்லாம் போச்சா சார்" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "நானும் வரேன். நீங்க மட்டும் போனா உங்கள மட்டும்தான் திட்டுவாரு" என்றாள்.

சார் அறைக்குள் இரண்டு பேரும் நின்றோம். நான் ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். பூஜை என்ற சொல் வராமல் 'லீவு சமயத்துல விளக்கத் தொடச்சப்ப' என்றுதான் சொன்னேன். சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு தொடச்சது?"

"நீங்கதான் சார்."

"எதனால?"

"சந்தனம் வழிஞ்சது சார். நீங்க கர்சீப்பால…"

அவர் 'நீங்க' என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். பிரித்துப் பார்த்தார். மடித்து மேஜை இழுப்பறையில் போட்டார்.

"ஏமய்யா ஜெயசீலா, இதச் சொல்ல இவ்வளவு பயமா உனக்கு?" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"இப்பவே கழட்டி சுத்தம் பண்ணிடட்டுமா சார்?" என்றேன்.

"ஒத்து, வேண்டாம். தொடக்கூடாது. தொடச்சிட்டா விலகல் போயிடும், சரி. எதனால போச்சுன்னு எப்படிச் சொல்லுவே? வேற ஏதோ மாறிச்சுன்னு ஒருத்தன் சொன்னா என்ன பதில்? அந்த விண்டோவ அப்படியே அரைச்சுத்து திருப்பிப் போடு. வலப்பக்கம் இருக்கற அழுக்கு இடப்பக்கம் வரட்டும். நான்தான் காரணம்னா விலகல் அந்தப் பக்கத்துலேருந்து இந்தப் பக்கம் வரணும்."

தன் தப்பை நிரூபிக்கத் தானே வழி சொல்லிக்கொடுத்த மனுஷனை நான் அதற்கு முன்னாலும் பார்க்கவில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

அந்த விண்டோவை நான் தொட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. கையுறை போட்டுக்கொண்டேன். ஓரத்தை மட்டும் பிடித்துக் கழற்றி, அரைச்சுற்றுத் திருப்பி, வளையத்தில் உட்கார வைத்து, திருகுகளை எதிரெதிராக ஒரே அளவில் இறுக்கினேன். அழுத்தம் ஒரு பக்கம் கூடினால் வில்லை விரிசல் விடும். மறுபடி பம்பு, அசிடோன், சோப்புத் தண்ணீர். இரண்டாவது இணைப்பில் முள் துள்ளியது. கசிவு. பிரித்து மறுபடி மாட்டினேன். ஹேமா சுவரோரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளை வெளியே போகச் சொல்ல வேண்டியது என் வேலை, உடம்புச் சூடுகூட அளவைக் கெடுக்கும். எனக்குச் சொல்ல மனசு வரவில்லை. அவளே போய்விட்டாள்.

பிளாட்டினம், ஹைட்ரஜன், பிளாட்டினம். விளக்கு வெளிறி நின்றது. ஹேமா கணக்குப் போட உட்கார்ந்தாள். நானும் சாரும் பின்னால் நின்றோம். எனக்கு எந்தப் பக்கம் வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. விலகல் திரும்பினால் அவளுடைய கண்டுபிடிப்பு போச்சு. திரும்பாவிட்டால் தப்பு எங்கே என்றே தெரியாது. ஆண்டவரே, உமக்குச் சித்தமானபடி என்று சொல்லி விட்டுவிட்டேன்.

"திரும்பிடிச்சி சார்" என்றாள். திரையில் வளைவு முன்பு மேலே ஏறிய மாதிரியே இப்போது கீழே இறங்கியிருந்தது. சார் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். துடைக்காமல் உட்கார்ந்தார்.

பிறகு விண்டோவை முறைப்படி சுத்தம் செய்தோம். எல்லாக் கோடுகளும் அட்டவணை சொன்ன இடத்தில் வந்து நின்றன. ஹேமா மறுபடி எல்லாவற்றையும் அளந்தாள். மாநாட்டுக்கு எழுதிச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றாள். கூப்பிட்ட ஆய்வகத்துக்கும் அவளே உண்மையை எழுதினாள். அவர்கள் மரியாதையாகவே பதில் போட்டார்கள். அந்த இடம் வேறு யாருக்கோ போயிற்று. அன்றைக்குத்தான் அவள் அழுதாள்.

கடைசியாக வாய்மொழித் தேர்வு. எங்கள் பக்கம் அது எல்லோரும் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி நடக்கும். பட்டம் உண்டா, இல்லையா என்று முடிவாகும் முன்னாலேயே பக்கத்து அறையில் சமோசாவும் மைசூர்பாகும் பொட்டலமாகக் காத்திருக்கும். எனக்கு அதைப் பார்த்தாலே பக்கென்று இருக்கும். முனிரத்தினம் மண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையில் வந்து கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பேச்சு முழுக்க இங்கிலீஷ். அவர் மகளின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கறாரானவர். ஆய்வேட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டி, "முதலில் அட்டவணை தப்பு என்றாய். பிறகு சரி என்கிறாய். விண்டோவில் அழுக்கு என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறாய். தன் கருவியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவருக்கு எப்படிப் பட்டம் கொடுப்பது? அந்த விண்டோ எப்படி அழுக்கானது?" என்று கேட்டார்.

ஹேமா சார் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேர்வாளர், "நீ தொட்டாயா?" என்றார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஆமாம் என்று தலையை அசைக்கப் போனாள்.

முன்வரிசையில் சார் எழுந்தார். வழிகாட்டி தேர்வின் நடுவில் பேசக் கூடாது. அவருக்கு அது தெரியும். "அந்த விண்டோவைத் தொட இந்த ஆய்வகத்தில் ஒருவருக்குத்தான் அனுமதி. அது நான். அழுக்காக்கியது என் கை. கண்டுபிடித்தது இவள் கணக்கு" என்றார். சொல்லிவிட்டும் உட்காரவில்லை. தேர்வாளர் ஆய்வேட்டை மூடும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

முனிரத்தினம் என் முழங்கையைத் தொட்டார்.

"இன்னா சார் ஆச்சி? எம்பொண்ணு ஏதாச்சும் தப்பு பண்ணிட்சா? அந்தப் பெரியவரு எதுக்கு எழுந்து நிக்கறாரு?"

"உங்க பொண்ணுக்காகத்தாங்க நிக்கறாரு" என்றேன்.

மெல்ல முனிரத்தினமும் எழுந்து நின்றார்.